குளவி குடியிருந்த மோட்டார்

கடல் ஊரை விட்டு விலகிப் போயிருந்த ஒரு காலையில்தான் பிளாந்தினா பிறந்தாள். இந்தோனேசியாவின் கெய் தீவுகளில் அக்டோபர் வந்தால் கடல் அப்படித்தான் செய்யும். சில நாட்கள், விடிந்ததிலிருந்து பின்வாங்கிப் பின்வாங்கி, கண்ணுக்கு எட்டிய தூரம் வரை மணலைத் திறந்து காட்டிவிட்டு மதியத்துக்கு மேல் ஒன்றும் நடக்காதது போலத் திரும்பி வரும். சிப்பி பொறுக்கப் போன அம்மாவுக்கு நடு மணலில் வலி எடுத்தது. தோணியில் படுக்கவைத்து, தண்ணீரில்லாத கடலில் ஆறு பேர் அதை இழுத்து வந்தார்கள். ஆறு வயது கொஸ்மாஸ் தோணிக்குப் பின்னால் ஓடினான். கரைக்கு வருமுன்பே குழந்தையின் அழுகை கேட்டது. ஊரில் எல்லோருக்கும் பிறந்த வீடு உண்டு, தன் தங்கைக்கு மட்டும் பிறந்த கடல் உண்டு என்று கொஸ்மாஸ் பெருமையாகச் சொல்வான்.

அவன் ஆறாம் வகுப்போடு நின்றுவிட்டவன். பிளாந்தினா, வீட்டில் தினா, மேல்நிலைப் பள்ளி முடித்தாள். ஆனால் அவள் கற்ற முக்கியமான பாடங்கள் எல்லாம் ஓஹோய்மாஸ் என்ற தங்கள் கிராமத்துப் படகுத்துறையில், யாரோ ஒருவருடைய மோட்டார் மூடியைத் திறந்துவைத்துக்கொண்டு கற்றவைதான். பதினான்கு வயதில் அவளிடம் பதினொரு கொட்டாங்கச்சிகள் இருந்தன. மோட்டாரைப் பிரிக்கும்போது முதலில் கழன்ற போல்ட் முதல் கொட்டாங்கச்சியில், அடுத்தது அடுத்ததில். பூட்டும்போது கடைசிக் கொட்டாங்கச்சியிலிருந்து திரும்பி வருவாள். இருபத்து மூன்று வயதுக்குள் சுற்றியுள்ள நான்கு கிராமத்து மோட்டார்கள் அவள் கையில் திறந்து மூடியிருந்தன. ஒரு போல்ட்கூட மிஞ்சியதில்லை.

அப்படிப்பட்டவளுக்கு அம்போன் நகரில் கப்பல் எந்திரப் பயிற்சியில் இடம் கிடைத்தது. திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு வகுப்பில் இல்லையென்றால் இடம் அடுத்தவருக்குப் போய்விடும் என்று கடிதத்தில் எழுதியிருந்தார்கள். துவால் துறைமுகத்துக்கு இரண்டு வாரத்துக்கு ஒரு முறை வரும் வெள்ளைக் கப்பல் இந்த வெள்ளிக்கிழமை மாலை நான்கு மணிக்குக் கிளம்புகிறது. அதை விட்டால் வேறு கப்பல் இல்லை.

கொஸ்மாஸ் கணக்காகத் திட்டம் போட்டான். கடல் விலகிப் போகும் பெருவற்றக் காலம். காலை ஆறு மணிக்குக் கிளம்பினால் ஏழேகாலுக்குள் நீள்திட்டு மணலின் மேலே கடந்துவிடலாம். அதுவரை அங்கே இடுப்பளவு தண்ணீர் இருக்கும். அதைக் கடந்துவிட்டால் பிறகு ஆழம். எட்டேகாலுக்குத் துவால். கப்பலுக்கு முன் ஏழே முக்கால் மணி நேரம் கையில் மிச்சம்.

படகில் தினாவின் பெரிய பிளாஸ்டிக் பெட்டி இருந்தது. அவனுடைய காப்பிக் குடுவை இருந்தது. பின்னால் அவனுடைய நாற்பது குதிரைச் சக்தி மோட்டார். எட்டு மாதத்துக்குப் பிறகு அன்றுதான் அது கடலைத் தொட்டது.

"நல்ல தண்ணி விட்டு ஓட்டிப் பாத்தியாண்ணே?" என்று கரையிலேயே கேட்டாள் தினா. சான்றிதழ் வாங்கப் பங்குச் சாமியாரின் ஊருக்குப் போயிருந்தவள் முந்தைய இரவுதான் திரும்பியிருந்தாள்.

"ரெண்டாவது இழுப்புலயே புடிச்சிருச்சு. என் மோட்டாரு என்னைப் பாத்ததும் கத்துது."

"கத்துறது சரி. தண்ணி பீய்ச்சுற ஓட்டையில குளவி போயிட்டு வந்துட்டு இருந்துச்சு."

"ஏறு, ஏறு. தண்ணி காத்திருக்காது."

கடல் காலை வெளிச்சத்தில் எண்ணெய் தடவியது போல இருந்தது. கீழே மணலும், மணலில் படகின் நிழலும் கூடவே வந்தன. நிழலுக்கு மோட்டார் சத்தம் இல்லை என்பதால் அது தங்களைவிட நிம்மதியாகப் போவதாகக் கொஸ்மாஸுக்குத் தோன்றியது. தினா முன்பக்கம் பார்த்து உட்காரவில்லை. பின்பக்கம் திரும்பி, மோட்டாரின் இடுப்பிலிருந்து பீய்ச்சும் நூல் தண்ணீரையே பார்த்துக்கொண்டிருந்தாள். மோட்டார் கடல்நீரை உறிஞ்சி, தன் உடம்பெல்லாம் சுற்றவிட்டுக் குளிர்ந்து, அதில் கொஞ்சத்தை அந்தத் துளை வழியாக வெளியே காட்டும். அந்த நூல் இருக்கும்வரை பயமில்லை. கிளம்பும்போதே அது மெலிந்திருந்தது. நாற்பது நிமிடத்தில் சொட்டானது. பிறகு அதுவும் இல்லை.

"நிறுத்துண்ணே."

"திட்டைத் தாண்டிருவோம். இன்னும் கால் மணி."

வண்ணப்பூச்சு கருகும் வாடை வந்தது. சத்தம் கரகரத்தது. தினா ஒரே எட்டில் தாவி வந்து அண்ணனின் கையைத் தாண்டி நிறுத்தும் பொத்தானை அழுத்தினாள். சத்தம் நின்றதும் கடல் மொத்தமும் காதுக்குள் வந்து உட்கார்ந்தது போல இருந்தது.

மூடியைத் திறந்ததும் அனல் முகத்தில் அடித்தது. தினாவின் நெற்றியிலிருந்து ஒரு வியர்வைத் துளி விழுந்து, சுர்ரென்று காணாமல் போனது. கொஸ்மாஸ் வாளியை எடுத்துக் கடலில் முக்கினான்.

"ஊத்தாதே!" அவன் மணிக்கட்டைப் பிடித்துக்கொண்டாள். "கொதிக்கிற இரும்புல பச்சைத் தண்ணி ஊத்தினா விரிசல் விட்டுரும். அப்புறம் நங்கூரமாத்தான் ஆகும் இது."

"அப்ப என்ன பண்ண?"

"சும்மா இரு. அதுவும் சும்மா இருக்கட்டும்."

சும்மா இருந்தார்கள். கொஸ்மாஸுக்கு அது சிரமமான வேலை. படகு தானாக மெல்லச் சுழன்றது. ஒரு முறை சூரியன் முகத்தில் விழுந்தது, மறுமுறை முதுகில். நீர் இறங்குவது கண்ணுக்குத் தெரியவில்லை. ஆனால் கீழே மணலில் கிடந்த நட்சத்திர மீன் ஒன்று, ஒவ்வொரு முறை பார்க்கும்போதும் இன்னும் பக்கத்தில் இருந்தது.

"எட்டு மாசமா நீ வாரா வாரம் நல்ல தண்ணி விட்டுக் கழுவலையா?" என்று கேட்டான் கொஸ்மாஸ்.

தினா அவனை நிமிர்ந்து பார்த்தாள். "எப்படிக் கழுவறது? நீதான் ஓலை கட்டிட்டுப் போனியே."

கொஸ்மாஸ் மோட்டாரின் தலையைப் பார்த்தான்.

பிப்ரவரியில் அரூ தீவுகளின் முத்துப் பண்ணைக்கு வேலைக்குப் போனபோது மோட்டாரின் தலையில் இளந்தென்னை ஓலையை முடிந்துவிட்டுப் போனான். அந்தத் தீவுகளில் ஓலை முடிந்த மரத்தில் யாரும் காய் பறிப்பதில்லை. ஓலை நட்ட கடலில் யாரும் சிப்பி எடுப்பதில்லை. கட்டிய கைதான் அவிழ்க்க வேண்டும். சித்தப்பா மகன்கள் மூன்று பேரும் மோட்டாரை இரவல் கேட்டு நச்சரிப்பார்கள் என்று கட்டியது அது; வேலை முடிந்து ஊர் திரும்பிய பிறகுதான் அவிழ்த்தான். கட்டும்போது அவன் மனதில் அந்த மூன்று முகங்கள்தான் இருந்தன. தங்கையின் முகம் அந்தப் பட்டியலில் இருக்கக்கூடும் என்று நினைக்கவே இல்லை.

"அது அந்த மூணு பேருக்குடி."

"ஓலையில பேரு எழுதியிருந்துச்சா?"

"போன்ல பேசினேனே, அப்ப கேட்டிருக்கலாம்ல?"

"ரெண்டு தடவை பேசின. பன்னி எப்படி இருக்குன்னு கேட்ட. கூரை ஒழுகுதான்னு கேட்ட. நீ போறதுக்கு முந்தின நாள்தான் தண்ணி உறிஞ்சுற ரப்பர் சக்கரம் மாத்தணும்னு சொல்லி உன்கிட்ட திட்டு வாங்கினேன். மறுநாள் ஓலை தொங்குது. எனக்குத்தான் கட்டியிருக்கேன்னு நெனச்சேன்." அவள் குரலில் கோபம் இல்லை. மோட்டாரில் எந்தப் பாகம் எப்போது கெட்டது என்று சொல்லும் குரல்தான் அது. "குளவி மண்ணு கொண்டுவந்து கொண்டுவந்து அந்த ஓட்டையில அப்பிச்சு. மூணு அடி தள்ளி உக்காந்து பாத்துக்கிட்டே இருந்தேன். குளவிக்கு ஓலை தெரியாது. எனக்குத் தெரியுமே."

கொஸ்மாஸ் கடலைப் பார்த்தான். எட்டு மாதமும் ஒரு சின்னத் துளைக்கு மூன்று அடி தள்ளி உட்கார்ந்திருந்த தங்கையை நினைத்தபோது, அவனுக்குத் தன் கைகளை எங்கே வைத்துக்கொள்வது என்று தெரியவில்லை.

படகின் அடி மணலைத் தொட்டது. சத்தமில்லாமல், தூக்கத்தில் தோள் மாற்றிப் படுப்பது போல, ஒரு பக்கம் சாய்ந்து நின்றது.

"துடுப்புப் போட்டா ஆழத்துக்குப் போயிரலாம்," என்றான் கொஸ்மாஸ்.

"போயி? அங்க மிதந்துக்கிட்டே மோட்டாரோட கீழ்க்காலைக் கழட்ட முடியுமா? ஒரு போல்ட் விழுந்தா முடிஞ்சுது. மணல் நல்லது." அவள் இறங்கினாள். கணுக்காலளவு தண்ணீர். "ஒரு மணி வாக்குல தண்ணி திரும்பும். அதுக்குள்ள பண்ணிட்டா மிதந்ததும் போகலாம். பாதி வேகத்துல போனாலும் மூணரைக்குத் துவால்."

அரை மணி நேரத்தில் கடல் அவர்களைச் சுற்றி இல்லாமல் போனது. நீள்திட்டு முழுக்க ஈர மணல், அதில் வானம். மேகங்கள் காலடியில் நகர்ந்தன. தூரத்தில் பெண்கள் கூடையோடு மேகத்தின் மேல் நடந்து வந்துகொண்டிருந்தார்கள்.

மோட்டார் கை பொறுக்கும் சூட்டுக்கு வந்ததும் தினா தொடங்கினாள். முதலில் கீழே, நீர் உறிஞ்சும் சல்லடை. சுத்தம். அடுத்து அந்தத் துளை. தூண்டில் கம்பியை விட்டுக் குடைந்தாள். செம்மண் பொடியாகக் கொட்டியது. அதோடு குளவி இரையாக அடைத்த சிலந்திகளின் காய்ந்த கால்கள், கூட்டின் ஓடு.

"குடும்பமே இருந்திருக்கு," என்றாள். "ஆனா இது மட்டும் காரணம்னா தண்ணி வெளியதான் வராது, உள்ள ஓடியிருக்கும். இவ்வளவு சூடாகாது. உறிஞ்சுற சக்கரமும் போயிருக்கு."

கீழ்க்காலைப் பிடித்திருந்த போல்ட்டுகள் உப்பில் இறுகியிருந்தன. ஒவ்வொன்றையும் முதலில் கொஞ்சம் இறுக்கி, பிறகு தளர்த்தினாள். அவசரப்பட்டால் தலை முறிந்துவிடும். கொட்டாங்கச்சிகள் இல்லை. மணலில் விரலால் வரிசையாகக் குழி செய்து, பெரிய சிப்பி ஓடுகளைப் பதித்து, அவற்றில் போட்டாள். கால் கழன்று வந்தது. பம்பின் மூடியைத் திறந்ததும் உள்ளே அந்த ரப்பர் சக்கரம். ஆறு இறக்கையும் ஒரே பக்கமாக மடிந்து, இறுகிப்போய், காய்ந்த கணவாய் போல இருந்தது. இரண்டு இறக்கைகளுக்கு நுனி இல்லை. ஒரு நுனி பம்புக்குள்ளேயே கிடந்தது.

அப்போதுதான் பெத்ரோனெலா அத்தை கூடையோடு வந்து நின்றாள்.

"என்னடா கொஸ்மாஸ், படகை முட்டை மேல உக்கார வெச்சுட்டியா?"

"மோட்டார் சூடாயிருச்சு அத்தை."

"மோட்டார் வெச்சிருக்கிறவன் நடுக்கடல்ல உக்காந்திருக்கான். மோட்டார் இல்லாத கிழவி நடந்து வந்து அவனைத் தாண்டிப் போறா. ஏண்டி தினா, கப்பல்ல ஏற வேண்டியவ மணல்ல என்ன சோறாக்கிட்டு இருக்க?"

"அண்ணனுக்கு என்னை அனுப்ப மனசில்ல அத்தை, அதான் இங்க இறக்கிட்டான்."

அத்தை சிரித்தாள். தினாவும் சிரித்தாள். கொஸ்மாஸ் மட்டும் சிரிக்கவில்லை. அத்தை கூடையிலிருந்து மரவள்ளி அடையும் ஒரு சுட்ட மீனும் எடுத்துப் படகு விளிம்பில் வைத்துவிட்டு, "தின்னுட்டு வேலை பாருங்க. பட்டினி கிடந்தா போல்ட்டு பொருந்தாது," என்று சொல்லி மேகங்களின் மேல் நடந்து போனாள்.

தினா காப்பிக் குடுவையைத் திறந்து, மூடியில் ஊற்றி, ரப்பர் சக்கரத்தை அதில் போட்டாள்.

"ஏய், என் காப்பி!"

"சூட்டுல ரப்பர் இளகும்."

"சக்கரை போட்ட காப்பிடி!"

"உன் மோட்டாருதானே, இனிப்பு புடிக்கும்."

இளகிய சக்கரத்தைக் கடல்நீரில் அலசி, தலைகீழாகத் திருப்பிப் பொருத்தினாள். இத்தனை நாள் ஒரு பக்கம் மடிந்த இறக்கைகள் இனி மறுபக்கம் மடங்க வேண்டும்; அதில் கொஞ்சம் பலம் வரும். இன்னொரு நுனி எங்கே போயிற்று என்று பம்பைச் சுற்றித் தேடினாள். கிடைக்கவில்லை.

"சோதிச்சுப் பாக்கணும்ணே. ஆனா இந்தக் குட்டைத் தண்ணி வேணாம், மணலை உறிஞ்சிரும். கடலோரம் போயி தெளிஞ்ச தண்ணியா கொண்டா. தண்ணி திரும்புறதுக்குள்ள பாத்தாத்தான், சரியில்லேன்னா திரும்பத் திறக்க நேரம் இருக்கும். தண்ணி மேல ஏறிட்டா மோட்டார் கால்ல கை வைக்க முடியாது."

தன் பெட்டியைத் திறந்தாள். புதுச் சட்டைகள், வெள்ளைக் காலுறைகள், அம்மா தைத்த போர்வை எல்லாவற்றையும் எடுத்து ஒரு லுங்கியில் கட்டிப் படகின் முன்பக்கம் வைத்தாள். மோட்டாருக்குக் கீழே கொஸ்மாஸ் துடுப்பால் குழி தோண்டினான். காலிப் பெட்டி அதில் இறங்கியது. மோட்டாரின் கால் பெட்டிக்குள் இறங்கியது. ஆறு வாளி பிடிக்கும் பெட்டி.

கடலோரம் முந்நூற்று நாற்பது காலடி தூரத்தில் இருந்தது. கொஸ்மாஸ் எண்ணினான். வெறும் வாளியோடு முந்நூற்று நாற்பது, நிறைந்த வாளியோடு நானூற்றுப் பத்து. சட்டையைக் கழற்றி வாளி வாயில் கட்டி வடிகட்டித்தான் மொண்டான். மூன்று நடை முடிந்தது.

நான்காவது நடையில் கடலோரத்தில் நின்றான். படகிலிருந்து பார்த்தால் கடல் அங்கே ஒரு வெள்ளி நூல்தான். அதற்கு அப்பால் வெளிச்சம். முழங்காலில் படும் நீர் வெதுவெதுப்பாக இருந்தது. திரும்பிப் பார்த்தபோது படகு வானத்தில் மாட்டிய ஒரு சின்னக் கறுப்புத் துணுக்காகத் தெரிந்தது; பக்கத்தில் இன்னும் சின்னதாகத் தங்கை. இந்த இடத்தில் ஒரு நாழிகை உட்கார்ந்தால் போதும் என்று ஒரு எண்ணம், யாரோ காதோரம் சொன்னது போல வந்தது. உட்கார வேண்டாம், மெதுவாக நடந்தால்கூடப் போதும். காலில் சிப்பி குத்தியது என்று சொல்லலாம். தண்ணீர் திரும்பிவிடும். கப்பல் போய்விடும். தினா ஒரு வார்த்தை பேச மாட்டாள். மோட்டார்களைத் திறந்து மூடிக்கொண்டு, மாலையில் வீட்டு வாசலில் கை கழுவிக்கொண்டு, எப்போதும் போல இருப்பாள்.

எப்போதும் போல. எட்டு மாதமும் மூன்று அடி தள்ளி அவள் உட்கார்ந்திருந்ததும் எப்போதும் போலத்தான்.

காலைச் சுற்றியிருந்த நீர் லேசாக மறுபக்கம் இழுத்தது. கடல் திரும்பத் தொடங்கியிருந்தது.

கொஸ்மாஸ் வாளியைத் தூக்கிக்கொண்டு ஓடினான். பாதித் தண்ணீர் சிந்தியது. அடுத்த இரண்டு நடையும் ஓட்டம்தான். சிந்தியதை ஈடுகட்ட ஏழாவது நடையும் ஓடினான். மூச்சு வாங்கி மணலில் விழுந்தவனைத் தினா ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"யாரு துரத்துறா உன்னை?"

"இழு... கயிறை இழு."

மோட்டார் பிடித்தது. துளையிலிருந்து தண்ணீர் வந்தது. ஆனால் கிழவன் இருமுவது போல விட்டுவிட்டு வந்தது. தினா உடனே நிறுத்தினாள்.

"அந்த இன்னொரு நுனி. மேல போற குழாயில நிக்குது."

"திரும்பத் திறக்க நேரம் இருக்கா?"

அவள் கடலைப் பார்த்தாள். வெள்ளி நூல் பட்டையாகியிருந்தது. "நீ ஓடி வந்ததால இருக்கு."

மறுபடி சிப்பி ஓடுகள், மறுபடி அதே வரிசை. இந்த முறை கொஸ்மாஸ் ஒவ்வொரு போல்ட்டையும் வாங்கி வைத்தான். கால் கழன்றதும் தினா மல்லாந்து படுத்து, மோட்டாருக்கு அடியில் தலையை விட்டு, தண்ணீர்க் குழாயில் வாயை வைத்து ஊதினாள். கன்னம் இரண்டும் பந்து போல உப்பின. ஒன்றும் இல்லை. துப்பிவிட்டு, இந்த முறை உறிஞ்சினாள். பிறகு எழுந்து உட்கார்ந்து, நாக்கு நுனியிலிருந்து ஒரு கறுப்புத் துண்டை எடுத்து அண்ணன் உள்ளங்கையில் வைத்தாள். சுண்டுவிரல் நகம் அளவு ரப்பர்.

"இதுதான் உன் நாற்பது குதிரையையும் கட்டிப்போட்டது."

பூட்டி முடிக்கும்போது நீர் பாதத்தைத் தொட்டது. கயிற்றை இழுத்ததும் துளையிலிருந்து வளைந்து பாய்ந்தது தண்ணீர், கயிறு மாதிரி, விடாமல்.

"பெய்யுது!" என்று கத்தினான் கொஸ்மாஸ். "காளை மாடு மாதிரி பெய்யுது!"

தினா கையை நீட்டி அந்தத் தண்ணீரைத் தொட்டுப் பார்த்தாள். வெதுவெதுப்பு. கொதிப்பு இல்லை. "போதும். பாதி வேகத்துக்கு மேல ஏத்தாத. ரெண்டு இறக்கை குறைச்சலு."

ஒன்றே கால் மணிக்குப் படகு மணலிலிருந்து எழுந்தது. வழியெல்லாம் அவன் வேகத்தைக் கூட்டவில்லை. கூட்டச் சொல்லிக் கை துடித்தது, கூட்டவில்லை. தினா நனைந்த பெட்டியைத் துடைத்து, துணிகளைத் திரும்ப அடுக்கிக்கொண்டே வந்தாள். துவாலின் வெள்ளைக் கப்பல் முதலில் ஒரு பல் போலவும், பிறகு ஒரு வீடு போலவும், கடைசியில் ஒரு தெரு போலவும் தெரிந்தது. துறைமுகத்தில் கட்டும்போது மணி மூன்று நாற்பத்தைந்து.

கொஸ்மாஸ் பெட்டியைத் தோளில் வைத்துக் கூட்டத்தை முட்டிக்கொண்டு போனான். ஏணியடியில் காவலர் தடுத்தார். "பயணி மட்டும்."

பெட்டி கை மாறியது. அவள் முழங்கை வரை கறுப்பு மசகு. முகத்தில் காய்ந்த உப்பு.

"தினா," என்றான். "எங்கிட்ட இருக்கிற எதுலயும் நீ கேக்காம கை வைக்கலாம். இதை நான் போன பிப்ரவரியிலயே சொல்லியிருக்கணும்."

"இப்பச் சொல்லிட்டல்ல." அவள் அவன் நெஞ்சில் மசகுக் கையால் ஒரு தட்டுத் தட்டினாள். "மாடு மாதிரி ஓடினியே, பாத்துக்கிட்டுதான் இருந்தேன். நாலாவது நடையில ஏன் நின்ன?"

அவள் பதிலுக்குக் காத்திருக்கவில்லை. பின்னாலிருந்தவர்கள் தள்ள, ஏணியில் ஏறிப் போனாள்.

ஏணியைத் தூக்கினார்கள். கப்பலுக்கும் கரைக்கும் நடுவில் தண்ணீர் அகன்றது. அவன் மூன்று தளங்களையும் வரிசையாகத் தேடினான். கையசைப்பவர்கள், அழுபவர்கள், குழந்தையைத் தூக்கிக் காட்டுபவர்கள். தினா அவர்களில் இல்லை. பின்பக்கம், கீழ்த் தளத்தில், ஒரு இரும்புக் கதவு திறந்திருந்தது. அதன் பக்கத்தில் எண்ணெய்க்கறை படிந்த உடுப்போடு ஒரு கப்பல் ஊழியர் நின்றிருந்தார். அவர் எதிரில் தினா, பெட்டியைக் காலடியில் வைத்துவிட்டு, கதவுக்குள் எட்டிப் பார்த்து ஏதோ கேட்டுக்கொண்டிருந்தாள். அவர் முதலில் முடியாது என்று தலையை ஆட்டினார். பிறகு அவள் கைகளைப் பார்த்தார். பிறகு சற்று விலகி, உள்ளே பார்க்க வழிவிட்டார்.

"யாருங்க உங்க வீட்டாளு?" என்று பக்கத்தில் நின்ற சுமைதூக்கி கேட்டார். "கையே காட்டலையே?"

"வேலையா இருக்கா," என்றான் கொஸ்மாஸ். கப்பல் வளைவில் திரும்பி மறையும்வரை இரண்டு கையையும் தூக்கி ஆட்டிக்கொண்டே நின்றான்.